காலை வாரும் கடைசிப் படி: உங்கள் வீட்டு மாடிப்படியை டேப் வைத்து அளந்தது உண்டா?

நாகரசம்பட்டி:-

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்சில் வந்து இறங்குகிறார் ஒரு தொழிலாளி. மாடியில் வாடகை வீடு. இன்னும் விடியவில்லை. படிக்கட்டில் விளக்கு கிடையாது. தினமும் ஏறும் படிதானே, கண்ணை மூடிக்கொண்டே ஏறலாம் என்ற நம்பிக்கை. எல்லா படியும் தாண்டியாச்சு. கடைசிப் படியில் மட்டும் செருப்பு முனை தட்டுகிறது. டிபன் பாக்ஸ் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

"அசந்துட்டேன்" என்பார் விழுந்தவர். "தூக்கக் கலக்கம்" என்பார் வீட்டுக்காரர். "கண் திருஷ்டிதான்" என்பார் பக்கத்து வீட்டு அம்மா. மறுநாள் பூசணிக்காய் உடைப்பார்களே தவிர, அந்தப் படியை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

இது எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சி. இப்படி ஆள் விழும் படியில் டேப்பை வைத்துப் பார்த்தால் பல இடங்களில் ஒரு உண்மை தெரியவரும். மற்ற படிகளை விட அந்த ஒரு படி மட்டும் 1 அங்குலமோ, 2 அங்குலமோ கூடவோ குறையவோ இருக்கும். ஆளைத் தள்ளியது திருஷ்டி அல்ல, அந்த 2 அங்குலம்தான்.

மாடி ஏறும் ஊர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி தாலுகாவில் உள்ள பேரூராட்சி நாகரசம்பட்டி. மாவும் தென்னையும் நிறைந்த பகுதி. போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட் ஒரு பக்கம், கர்நாடக எல்லையில் ஓசூர் சிப்காட் இன்னொரு பக்கம் என்று கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் பெருகிய வட்டாரம் இது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் தளம் போட்ட வீடு வருகிறது. தளம் போட்டதும் அடுத்து மாடி. மாடி எழுந்ததும் வாடகைக்கு ஆள்.

மாடி என்றால் படி வேண்டும். ஆனால் வீடு கட்டுகிறவர்கள் ஹால் எத்தனைக்கு எத்தனை, பெட்ரூம் எத்தனைக்கு எத்தனை என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். படிக்கட்டுக்கு எவ்வளவு இடம் என்று கேட்டால் பதில் வராது. எல்லா அறைக்கும் பங்கு போட்டது போக மிச்சம் இருக்கும் சந்துதான் படிக்கட்டுக்கு. 3 அடி அகலம், 8 அடி நீளம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்தச் சந்துக்குள் படியை மடக்கித் திணிப்பது மேஸ்திரியின் தலையெழுத்து.

அந்த 8 அடிக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கீழ்த் தரைக்கும் மாடித் தரைக்கும் உயர வித்தியாசம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். அதாவது 120 அங்குலம். ஒரு படியின் உயரம் சுமார் 7 அங்குலம் என்றால் 17 தடவை காலைத் தூக்க வேண்டும். கால் வைக்கும் அகலம், அதாவது மிதி, 10 அங்குலம் என்றால் நேர்ப்படிக்கு 13 அடி 4 அங்குலம் நீளம் தேவை. இருப்பதோ 8 அடி. என்ன செய்வார் மேஸ்திரி? படியின் எண்ணிக்கையை 13 ஆகக் குறைப்பார். ஒவ்வொரு படியும் 9 அங்குலத்தைத் தாண்டும். மிதி 8 அங்குலமாகச் சுருங்கும். 8 அடிக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். வீட்டுக்காரருக்கும் திருப்தி.

ஆனால் 35 டிகிரி சாய்வில் இருக்க வேண்டிய படிக்கட்டு 49 டிகிரிக்குச் செங்குத்தாகிவிட்டது. அது படிக்கட்டு அல்ல, சிமெண்டில் செய்த ஏணி. ஏணியில் இறங்கும்போது திரும்பி நின்று, இரண்டு கையாலும் பிடித்து இறங்குவோம். இந்தப் படியிலோ ஒரு கையில் குடத்தையும், இன்னொரு கையில் குழந்தையையும் வைத்துக்கொண்டு முன்பக்கமாக இறங்குகிறார்கள்.

8 அங்குல மிதியில் வளர்ந்த ஆளின் பாதம் முழுசாக உட்காராது. இறங்கும்போது பாதி பாதம் அந்தரத்தில் இருக்கும். இதனால் பலர் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, நண்டு மாதிரி இறங்குவதைப் பார்க்கலாம். வயதாகிவிட்டது, முட்டி வலி என்று அவர்களே காரணம் சொல்லிக்கொள்வார்கள்.

இடம் இல்லாதவர்களுக்கு வழி உண்டு. நேர்ப்படியைப் பாதியில் மடக்கி, நடுவில் ஒரு லேண்டிங் கொடுத்தால் சுமார் 10 அடி நீளம், 6 அடிக்கு மேல் அகலத்தில் நல்ல படியே வந்துவிடும். விழுந்தாலும் பாதியில் லேண்டிங் தடுத்து நிறுத்தும். லேண்டிங்குக்குப் பதிலாக மூலையில் முக்கோணமாக நாலு படியை வெட்டித் திருப்புகிறார்களே, அதுதான் ஆபத்து. அந்தப் படியில் உட்பக்கம் கால் வைக்க இடமே இருக்காது.

350 ஆண்டு பழைய கணக்கு

படிக்கு ஏது கணக்கு என்று சிலர் கேட்கலாம். பிரான்ஸ் நாட்டில் பிரான்சுவா பிளாண்டெல் என்ற கட்டிடக் கலை நிபுணர் 1670-களிலேயே இதற்கு ஒரு கணக்கு சொல்லிவிட்டார். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, அதோடு மிதியைக் கூட்டினால் 24 அங்குலம் வரவேண்டும். மனிதன் சமதரையில் எடுத்து வைக்கும் ஒரு எட்டின் நீளத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. அவருடைய ஊர் அங்குலம் நம் அங்குலத்தை விடக் கொஞ்சம் பெரியது. இன்றைய அளவில் 24-ல் இருந்து 25 வரை என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கும் உலகம் முழுக்க பொறியாளர்கள் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

7 அங்குல உயரம், 10 அங்குல மிதி. இரண்டு ஏழு பதினாலு, பத்தைக் கூட்டினால் 24. சரி. பள்ளிக்கூடம், ஆபீஸ் போன்ற இடத்தில் 6 அங்குல உயரம், 12 அங்குல மிதி. இரண்டு ஆறு பன்னிரண்டு, பன்னிரண்டைக் கூட்டினால் 24. இதுவும் சரி. நம் 8 அடி சந்துப் படிக்கு 26-க்கு மேல் போகிறது. கூட்டும்போதே மூச்சு வாங்குகிறது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்டுள்ள தேசிய கட்டிட விதித் தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. குடியிருப்பு வீட்டில் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதாவது ஏழரை அங்குலம். மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது 10 அங்குலம். மற்ற கட்டிடங்களில் உயரம் அதிகபட்சம் 150 மில்லிமீட்டர், மிதி குறைந்தபட்சம் 300 மில்லிமீட்டர். வீட்டுப் படிக்கட்டின் அகலம் பொதுவாக 1 மீட்டர். படிக்கட்டுக்கு அடியில் ஆள் நடந்து போகும் வழி இருந்தால் 2.2 மீட்டர் உயரம் வேண்டும். பல வீடுகளில் அந்த இடத்தில் பாத்ரூம் கட்டி, தலையில் இடித்துக்கொள்வது தனிக் கதை.

ஒரு படி மட்டும் ஏன் மாறுகிறது?

படி செங்குத்தாக இருந்தாலும் பழகினவர்கள் சமாளித்துவிடுவார்கள். பழகினவர்களையும் கவிழ்ப்பது அளவு மாறும் படி.

மனித உடம்பின் வேலை அப்படி. முதல் இரண்டு மூன்று படி ஏறும்போது மட்டும்தான் கண்ணும் மூளையும் கவனிக்கின்றன. அதற்குள் கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு கண் வேறு எங்கோ போய்விடும். கால் தானாக அதே உயரத்துக்குத் தூக்கும். செருப்பின் முனைக்கும் படியின் விளிம்புக்கும் நடுவே இருப்பது மிகக் குறைந்த இடைவெளிதான். ஒரு படி அரை அங்குலம் கூடினாலே முனை தட்டிவிடும். அமெரிக்காவில் ஒரே வரிசைப் படிகளுக்குள் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். நம் சுண்டு விரல் கனம்கூட இல்லை.

அப்படி விதி வைத்த நாட்டிலும் தவறு நடந்தது. நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் பகுதியில் 36-வது தெரு சுரங்க ரெயில் நிலையம் இருக்கிறது. அதன் படிக்கட்டில் ஒரே ஒரு படி மட்டும் கொஞ்சம் உயரம். 2012-ல் ஒரு இளைஞர் அங்கே கேமராவை வைத்து படம் பிடித்தார். கோட்டு போட்டவர், குழந்தையைத் தூக்கியவர், மாணவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் அதே படியில் தடுக்கினார்கள். தடுக்கிய எல்லோரும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். வீடியோ பரவியதும் நிர்வாகம் அந்தப் படிக்கட்டை மூடி சரிசெய்தது.

நம் ஊரில் படி மாறுவதற்கு மூன்று காரணம் அடிக்கடி பார்க்கலாம்.

முதல் காரணம், தரை பூச்சு. படிக்கட்டுக்கு கான்கிரீட் போடும்போது எல்லா படியும் 7 அங்குலம் என்று சரியாகத்தான் பலகை அடிப்பார்கள். அப்புறம்தான் டைல்ஸ், கிரானைட் வேலை. கீழ்த் தரைக்கு மட்டம் கூட்டி, சிமெண்டு கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டினால் 3 அங்குலம் ஏறிவிடும். படிக்கு 1 அங்குலம்தான் ஏறும். விளைவு, முதல் படி 7-ல் இருந்து 5 அங்குலம் ஆகிவிடும். மாடியிலும் தரை 3 அங்குலம் ஏறும், அதற்குக் கீழே இருக்கும் படி 1 அங்குலம்தான் ஏறியிருக்கும். கடைசிப் படி 9 அங்குலம் ஆகிவிடும். நடுவில் எல்லாம் 7. அதிகாலையில் ஷிப்ட் முடிந்து வந்தவரின் செருப்பு கடைசிப் படியில் தட்டியது இப்படித்தான்.

இரண்டாவது காரணம், "லாபம், நஷ்டம்". படியை எண்ணும்போது லாபம், நஷ்டம் என்று மாற்றி மாற்றிச் சொல்லி, லாபத்தில் முடிய வேண்டும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அதாவது ஒற்றைப்படை எண்ணிக்கை. நம்பிக்கை அவரவர் விருப்பம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 17 படி என்று முதலிலேயே முடிவு செய்து, உயரத்தைச் சமமாகப் பிரித்தால் லாபமும் வரும், படியும் சரியாக இருக்கும். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு எண்ணிப் பார்த்து, "ஐயையோ, இரட்டைப்படையில் வருதே" என்று அடியில் ஒரு குட்டிப் படியைக் கட்டிச் சேர்க்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் நிஜமான நஷ்டம் ஆரம்பிக்கிறது.

மூன்றாவது காரணம் ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டால் தெரு உயர்ந்துகொண்டே போகும். வாசலில் இருந்து நேராக மாடிக்குப் போகும் வெளிப்படிகளில் முதல் படி பாதி மண்ணுக்குள் போய்விடும். சில வீடுகளில் முதல் படி 3 அங்குலம்கூட தேறாது. இறங்கும்போது இன்னும் ஒரு முழுப் படி இருக்கிறது என்று காலை விட்டால், தரை முன்னாலேயே வந்து இடிக்கும். முதுகுத் தண்டில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும்.

கோயில் மலைப் படிகளில் ஒரு படி போல் இன்னொரு படி இருக்காது. சோளிங்கர் மலைக்கு 1,305 படி. அங்கே மட்டும் எப்படி சமாளிக்கிறோம் என்ற கேள்வி வரும். மலையில் செருப்பு இருக்காது, கண் படியின் மேலேயே இருக்கும், அவசரமும் இருக்காது. வீட்டில் மூன்றும் தலைகீழ்.

ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து

ஏறும்போது தடுக்கினால் பெரும்பாலும் கை ஊன்றிவிடலாம். எதிரே படி இருக்கிறது, விழும் தூரம் குறைவு. இறங்கும்போது வழுக்கினால் எதிரே ஒன்றும் இல்லை. ஒன்று தலைகுப்புற, இல்லையென்றால் பின்பக்கமாகச் சரிந்து, இடுப்பும் பின்மண்டையும் படி விளிம்பில் அடிபடும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது. அதனால் மற்ற ஊர்களில் பணக்கார வீட்டில் மட்டும் இருக்கும் கிரானைட் படி, இங்கே சாதாரண வீட்டிலும் சகஜம். கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்ட கருப்புக் கல்லில் முகம் பார்க்கலாம். அதே கல்லில் நாலு சொட்டு தண்ணீர் விழுந்தால் கால் நிற்காது. மொட்டை மாடிக்கு ஈரத்துணி கொண்டு போகும்போது வாளியில் இருந்து சொட்டும் தண்ணீரே போதும். தண்ணீர் டேங்க் நிரம்பி வழிந்து, வெளிப்படியில் பாசி பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. படிக்குக் கல் வாங்கும்போதே பாலீஷ் இல்லாத சொரசொரப்பான கல்லைக் கேட்கலாம். பாலீஷ் கல்தான் வேண்டும் என்றால், விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று கோடு வெட்டித் தரச் சொல்லலாம். கல் அறுக்கும் இடத்திலேயே வெட்டித் தருவார்கள். ஏற்கனவே போட்டாச்சு என்றால் வழுக்காத டேப் ஒட்டலாம். அழகு குறையும் என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

அடுத்தது கைப்பிடி. "கிரகப்பிரவேசம் முடியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடும் வேலைகளில் முதல் இடம் இதற்குத்தான். காசு தீர்ந்துபோகும் நேரத்தில் வரும் வேலை என்பதால் அந்த அப்புறம் பல வருஷம் ஆனாலும் வருவதில்லை. கைப்பிடி என்றால் விரல் சுற்றிப் பிடிக்கும் அளவுக்கு ஒன்றரை அங்குலம், 2 அங்குல பைப்பாக, சுமார் 3 அடி உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்பது அங்குல அகலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டி, மேலே கிரானைட் பதித்தால் பார்க்க ஜோர்தான். விழும் நேரத்தில் அதை எப்படிப் பிடிப்பது? கை வழுக்கிக்கொண்டு போகும். கம்பிகளுக்கு நடுவில் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால், தவழும் குழந்தை உடம்பை நுழைத்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

விளக்கு விஷயமும் அதேதான். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று டூ வே போடுவதற்கு வயரிங் நேரத்தில் பெரிய செலவு ஆகாது. கீழே மட்டும் சுவிட்ச் இருந்தால் மாடியில் இருப்பவர் இருட்டில்தான் இறங்கி வரவேண்டும்.

கேஸ் சிலிண்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ, இரும்பு எடையையும் சேர்த்தால் சுமார் 30 கிலோ. அதைத் தோளில் வைத்துக்கொண்டு 9 அங்குலப் படியில் ஏறுகிறவர் கைப்பிடி இருந்தாலும் பிடிக்க முடியாது. காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. அந்த நேரத்தில் படியில் செருப்பு, பூந்தொட்டி, மிச்சமான டைல்ஸ் பெட்டி கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒருவர் விழுந்தால் பலர்

வீட்டுப் படியில் விழுந்தால் ஒருவருக்கு அடி. கூட்டம் உள்ள படியில் ஒருவர் விழுந்தால் கதையே வேறு.

2025 பிப்ரவரி 15-ந் தேதி இரவு. கும்பமேளாவுக்குப் போக புதுடெல்லி ரெயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. 14, 15-வது பிளாட்பாரத்துக்குப் போகும் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 18 பேர் பலியானார்கள். ஒரு பயணியின் தலைச்சுமை கீழே விழுந்ததும், அதனால் படிக்கட்டில் பயணிகள் தடுக்கி விழுந்ததும்தான் தொடக்கம் என்று ரெயில்வே மந்திரி பாராளுமன்றத்தில் பின்னர் தெரிவித்தார்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் லண்டனில் நடந்தது இன்னும் கொடுமை. 1943 மார்ச் 3-ந் தேதி இரவு விமானத் தாக்குதல் சங்கு ஊதியதும், பெத்னல் கிரீன் என்ற இடத்தில் மக்கள் சுரங்க ரெயில் நிலையத்துக்குள் இறங்கினார்கள். மங்கலான வெளிச்சம். மழையில் நனைந்த படி. நடுவில் கைப்பிடி கிடையாது. படியின் அடிப்பகுதியில் குழந்தையோடு வந்த ஒரு பெண் தடுக்கி விழுந்தார். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தார்கள். 173 பேர் இறந்தனர். அதில் 62 பேர் குழந்தைகள். அன்று அந்த இடத்தில் ஒரு குண்டுகூட விழவில்லை.

நம் தமிழ்நாட்டில் கும்பகோணத்தை யாரும் மறக்க முடியாது. 2004 ஜூலை 16-ந் தேதி, பள்ளி சமையல் கூடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் கருகினார்கள். மாடியில் இருந்த பிஞ்சுகள் தப்பி ஓட வழி இல்லாமல் போனதற்கு குறுகலான படிக்கட்டும் ஒரு காரணம். கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், மாடியில் நடக்கும் தையல் கம்பெனி என்று நம் ஊரில் பல இடங்களுக்கு ஒரே படிதான் இருக்கிறது. அந்த ஒரு படியும் 3 அடி அகலம், அதில் பாதியில் சரக்கு மூட்டை என்றால் பெற்றவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கம்பெனி படியில் விழுந்தால்

கம்பெனிகளில் படிக்கட்டுக்குச் சட்டமே இருக்கிறது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவு, படிகள் உறுதியாக இருக்க வேண்டும், வழுக்கும் பொருளோ தடையோ இருக்கக்கூடாது, தேவைப்படும் இடத்தில் பலமான கைப்பிடி வேண்டும் என்று சொல்லி வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் பாதுகாப்பு தொடர்பான புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறினாலும் தொழிலாளியின் பாதுகாப்பு நிர்வாகத்தின் பொறுப்பு என்பது மாறவில்லை.

இங்கே தொழிலாளர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. வேலை நேரத்தில் கம்பெனி படியில் விழுந்திருப்பார்கள். எதற்கு வம்பு என்று ஆஸ்பத்திரியில் "வீட்டுல விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். குறிப்பாக காண்டிராக்ட் தொழிலாளர்கள். வேலை இடத்தில் ஏற்பட்ட காயம் என்றால் இ.எஸ்.ஐ.யில் கணக்கு வேறு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு சராசரி சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வீட்டில் விழுந்ததாக எழுதிவிட்டால் இது கைவிட்டுப் போகும். அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி, விபத்தைப் பதிவு செய்ய வைப்பது முக்கியம்.

பிளான் அப்ரூவல் ஆச்சே?

"பேரூராட்சியில் பிளான் அப்ரூவல் வாங்கித்தானே கட்டினோம்" என்று கேட்கலாம். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரை மனையில், 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. சாதாரண மக்களுக்கு அலைச்சல் மிச்சம், நல்ல திட்டம்தான். ஆனால் சுயசான்று என்றால் என்ன அர்த்தம்? விதிப்படி கட்டுகிறேன் என்று வீட்டுக்காரரே கையெழுத்துப் போடுகிறார். படியை டேப் வைத்து அளக்கும் வேலையும் அவர் தலையில்தான் வந்து விழுகிறது.

அளப்பது பத்து நிமிட வேலை. டேப், சாக்பீஸ், நேரான ஒரு பலகை போதும். பலகையை மேல் படியில் மட்டமாக வைத்து விளிம்புக்கு வெளியே நீட்ட வேண்டும். அதன் அடியில் இருந்து கீழ்ப்படி வரை நேர் கீழே அளந்தால் அதுதான் உயரம். ஒவ்வொரு படியின் உயரத்தையும் அந்தந்தப் படியிலேயே சாக்பீசால் எழுதிக்கொண்டே வாருங்கள். மிதியை அளக்கும்போது விளிம்பில் இருந்து சுவர் வரை அளக்கக்கூடாது. மேல் படியின் கல் மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்குக்கு நேர் கீழே எங்கே வருகிறதோ, அதுவரைதான் கணக்கு.

முடித்துவிட்டு கீழே நின்று பார்த்தால் 5, 7, 7, 7... 9 என்று படியே ஜாதகத்தைச் சொல்லிவிடும். முதல் படி குட்டையாக இருந்தால், அதற்கு முன்னால் இருக்கும் தரையை உயர்த்தியோ குறைத்தோ சரிசெய்ய முடியுமா என்று மேஸ்திரியைக் கேட்கலாம். கடைசிப் படியை இடிக்காமல் மாற்றுவது கஷ்டம். அப்படிப்பட்ட படியின் விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து, மேலே ஒரு பல்பும் போட்டுவிட்டால் கண்ணாவது உஷாராகும். புதிதாகக் கட்டுகிறவர்கள், படிக்குப் பலகை அடிப்பதற்கு முன்பே டைல்ஸ் போட்ட பிறகு தரை எங்கே வரும் என்று சுவரில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் இருந்து படியைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு மேஸ்திரியோடு சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

உலகம் முழுவதும் கீழே விழுந்து ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. படி, கூரை, மரம், வழுக்கும் தரை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. எதிர்பாராத விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதில் 80 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில்.

விழுந்தவரை உடனே கை, காலைப் பிடித்துத் தூக்குவதுதான் நம் வழக்கம். அதைத் தவிர்க்க வேண்டும். கழுத்து, முதுகு வலிக்கிறது, கால் மரத்துப்போச்சு என்று சொன்னால் அசைக்காமல் 108-க்குப் போன் செய்வதே நல்லது. தலையில் அடிபட்டு, முதலில் நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து வாந்தி, தூக்கம், குழறல் என்று வந்தால் ஒரு நிமிடம்கூட தாமதிக்கக்கூடாது. அது உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம்.

வயதானவர்கள் விழுந்து, எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாக வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பு எலும்பு முறிவாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் பக்கத்தில் எலும்பு என்றாலே புத்தூர் கட்டு என்று வண்டி ஏற்றிவிடுகிறார்கள். இடுப்பு முறிவு கட்டுப்போட்டுச் சேரும் வகை அல்ல. பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும். நாள் தள்ளினால் படுத்த படுக்கையில் புண், நுரையீரலில் சளி என்று வேறு வினைகள் சேர்ந்துகொள்ளும். முதலில் எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துச் செல்வது அலைச்சலைக் குறைக்கும்.